தோல்வியைத் தடுத்து நிறுத்திய விதம்

முதலாம் ஆண்டுக் கணக்குத் தேர்வில் பாதிக்கு மேல் மாணவர்கள் தோற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும், கல்லூரி முதல்வர் கலங்கவில்லை. உடனே ஒரு கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு மாணவர்களை அழைக்கவில்லை. தோற்றவர்களிடம் போய்த் தோல்வியைப் பற்றிக் கேட்பது நாகரிகமல்ல என்பது அவர் கருத்து.

எல்லாத் துறைத் தலைவர்களும் பேசினார்கள். மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை என்றார் ஒருவர். ஆர்வம் இருக்கிறது, கவனம்தான் இல்லை என்றார் இன்னொருவர். இரண்டும் இருந்தாலும் ஒழுக்கம் இல்லாவிட்டால் என்ன பயன் என்று மூன்றாமவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாததால் தேநீர் இடைவேளை விடப்பட்டது.

கடைசி நாற்காலியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘மறுபடி சார்’. வகுப்பில் யாராவது புரியாமல் விழித்தால், “சரி, மறுபடி சொல்றேன்” என்று பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மாலையில் கல்லூரி விட்ட பிறகும் கொஞ்ச நேரம் வகுப்பறையிலேயே இருப்பார். சந்தேகம் உள்ளவர்கள் வருவார்கள். இதற்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை. யாரும் தடுத்ததும் இல்லை. யாருக்கும் தெரியாது என்பதே காரணம்.

தேநீர் குடித்த தெம்பில் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

“சார், ஒரே ரூம்ல நூத்தம்பது பேர அடைச்சு வெச்சிருக்கோம். பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு போர்டும் தெரியறதில்ல, நான் சொல்றதும் கேக்கறதில்ல. ரெண்டாப் பிரிச்சு இன்னொரு வாத்தியாரப் போட்டா...”

பிரசங்க மேடையில் யாரோ தும்மியதுபோல் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா இந்தத் துடிப்ப? இந்த அக்கறைய? இப்படி ஒரு ஆளத்தான் நான் தேடிட்டு இருந்தேன்.”

அன்றே ‘மாணவர் வெற்றி மையம்’ என்று ஒன்று தொடங்கப்பட்டு, மறுபடி சார் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார். இயக்குநர் வேலைக்கு நேரம் வேண்டும் அல்லவா? எனவே அவருடைய வகுப்புகள் பக்கத்துப் பிரிவின் ஆசிரியருக்குப் போயின. அந்த ஆசிரியருக்கும் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. எனவே இரண்டு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. இரண்டாகப் பிரிக்கச் சொன்ன வகுப்பில் இப்போது முன்னூறு பேர். மாலையில் நடந்துவந்த சந்தேக வகுப்பும் இந்தச் சந்தடியில் வெளிச்சத்துக்கு வந்து, ‘முறைப்படுத்தப்படாத உதவி’ என்று நிறுத்தப்பட்டது.

அவருடைய மனைவி மருத்துவமனையில் செவிலி. வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளிடம் சேதியைச் சொன்னார்.

“நல்லது பண்ண ஒரு வாய்ப்பு வந்திருக்கு” என்றார்.

“பண்ணிட்டிருந்த நல்லத விட்டுட்டா?”

“அதிகாரம் இருந்தாத்தானே எதையும் மாத்த முடியும்? உள்ள போனாத்தான் உள்ள நடக்கறது தெரியும்.”

“எங்க ஆஸ்பத்திரியிலயும் ஒரு அம்மா இப்படித்தான் ஊசி போடறத விட்டுட்டு உள்ள போனாங்க. இன்னும் வெளிய வரல” என்றாள் அவள். “சரி, கை கழுவுங்க, சாப்பிடலாம்.”

*

மையத்துக்கு இடம் வேண்டியிருந்தது. கல்லூரியிலேயே அமைதியானதும் காற்றோட்டமானதும் நூலகத்தின் வாசிப்பறைதான். அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களை, அவர்களுடைய வெற்றியை முன்னிட்டு, எழுந்து போகச் சொன்னார்கள். புத்தகங்கள் கட்டுக்கட்டாக மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்பட்டன. வாசிப்பறைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, குளிர்சாதனம் வந்தது, கதவில் அவருடைய பெயர் வந்தது. நாற்காலி ஒன்றும் வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத நாற்காலி.

முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது மறுபடி சாருக்கு உள்ளே ஏதோ முள் தைத்தமாதிரி இருந்தது. எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் குளிர்சாதனத்தின் காற்று பிடரியில் பட்டது. நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அன்று மாலையே பேக்கரிப் பெண் வந்துவிட்டாள். முதலாம் ஆண்டு மாணவி. விடியும் முன்பே ஒரு பேக்கரியில் மாவு பிசைந்து, ரொட்டி உருட்டி, அடுப்பிலிருந்து எடுத்து அடுக்கிவிட்டு நேரே வகுப்புக்கு வருபவள். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருக்கும். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மதியத்துக்குள் ஒருமுறையாவது தூங்கி விழுவாள். ஆனால் மாலைச் சந்தேக வகுப்புக்குத் தவறாமல் வருவாள். கணக்கு அவளுக்குப் பிடிக்கும்.

கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

“சார், தொகை நுண்கணிதத்துல இந்தக் கணக்கு. ரெண்டாவது வரியில இருந்து மூணாவது வரி எப்படி வந்துச்சுன்னு மட்டும் புரியல. புது சார் வேகமாப் போயிட்டாரு. முன்னூறு பேருல கைய தூக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. மறுபடி ஒரு தடவ...”

மறுபடி சாரின் கை தானாகவே பேனாவைத் தேடியது. பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை. அதற்குள் மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. வெற்றி ஆலோசகர் வந்துவிட்டார். எல்லாரும் வரவேற்கக் கீழே வரவேண்டும்.

“நாளைக்கு வாம்மா. கண்டிப்பா சொல்லித் தரேன்.”

“சரி சார்” என்றாள் அவள்.

*

வெற்றி ஆலோசகர் வெளியூரிலிருந்து தருவிக்கப்பட்டவர். எந்தத் துறையில் வெற்றி பெற்றவர் என்று யாரும் கேட்கவில்லை. ஆலோசனை சொல்வதில்தான் என்பது அவர் வந்திறங்கிய காரைப் பார்த்தபோதே விளங்கிவிட்டது. அவர் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு மாணவன் ஏன் தோக்கறான்? படிக்காததாலயா? படிக்கறவனும் தோக்கறானே! அப்ப படிப்புக்கும் தோல்விக்கும் சம்பந்தம் இல்லன்னு ஆகுது. நாம இத்தன வருஷமா படிப்பச் சொல்லிக் குடுத்தே நேரத்த வீணாக்கிட்டோம். வெற்றியச் சொல்லிக் குடுத்தோமா?”

இல்லை என்று அரங்கம் ஒப்புக்கொண்டது. முதல்வர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி முகாம்கள் தொடங்கின. நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்ற முகாம் காலையில் அறிவிக்கப்பட்டு, சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்த பிறகு மதியம் தொடங்கி, மாலைவரை நடந்தது. கவனம் சிதறாமல் படிப்பது எப்படி என்ற முகாமுக்கு அரங்கம் கிடைக்கவில்லை. வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த தாழ்வாரத்தில் ஒலிபெருக்கி வைத்து நடத்தினார்கள். இருபக்கமும் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, பிறகு பாடத்தைச் சாத்தினார்கள். போதுமான தூக்கத்தின் அவசியம் குறித்த முகாம் விடியற்காலையில் வைக்கப்பட்டது. அப்போதுதான் மாணவர்கள் புத்துணர்ச்சியோடு இருப்பார்களாம்.

விடியற்காலையில் பேக்கரிப் பெண் அடுப்படியில் இருந்தாள்.

முகாமுக்கு வந்தவர்களுக்குப் பச்சை அட்டை, பாதியில் எழுந்து போனவர்களுக்கு மஞ்சள் அட்டை, ஒரு முகாமுக்கு வராவிட்டாலும் சிவப்பு அட்டை என்று ஆலோசகர் ஏற்பாடு செய்தார். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பு அட்டைக்காரர்களுக்குத் தனி கவனிப்பு உண்டு: வாரத்தில் பல மணி நேரம் வெற்றி மையத்தில் ஆலோசனை. அந்த ஆலோசனை வகுப்பு நேரத்தில்தான் வைக்க முடிந்தது. அதனால் வகுப்பைத் தவறவிட்டார்கள். வகுப்பைத் தவறவிட்டவர்கள் ஆர்வம் குறைந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு இன்னும் கூடுதல் ஆலோசனை தரப்பட்டது.

பேக்கரிப் பெண் மறுபடியும் வந்தபோது அவள் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது.

“சார், அந்த மூணாவது வரி.”

“ஐயோ, நேத்தே சொல்லித் தரேன்னேன் இல்ல?”

“நேத்து இல்ல சார், போன மாசம்.”

அவருக்கு முகம் சுண்டிப்போனது. “உக்காரு” என்றார். அவள் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பதற்குள், ஆலோசகர் ஒரு புகைப்படக்காரருடன் உள்ளே நுழைந்தார். இயக்குநரும் சிவப்பு அட்டை மாணவியும் ஒரே மேசையில்! ஆலோசகருக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தை இருவரும் பிடித்திருப்பதுபோல ஒரு படம், இயக்குநர் அவள் தலைக்கு மேலே கையை நீட்டி எதையோ காட்டுவதுபோல ஒரு படம், அவள் சிரிப்பதுபோல ஒரு படம்.

“கொஞ்சம் நல்லா சிரிம்மா. உனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சுக்கோ” என்றார் ஆலோசகர்.

அவள் சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும் ஆலோசகர் அவரைக் கையோடு கூட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டார். அந்தப் படம் கல்லூரி வாசலில் ஆள் உயரத்துக்கு வைக்கப்பட்டது. ‘ஒவ்வொரு மாணவரோடும் நாங்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. மறுபடி சார் அதற்குப் பிறகு பின்வாசல் வழியாக வந்துபோக ஆரம்பித்தார்.

நூலகத்தையாவது மீட்டுவிடலாம் என்று ஒருநாள் முதல்வர் அறைக்குப் போனார்.

“சார், படிக்க ஒரு இடம் இல்லாம பசங்க படிக்கட்டுல உக்காந்துட்டு இருக்காங்க. வாசிப்பறையத் திருப்பிக் குடுத்துடலாம். எனக்கு ஒரு ஸ்டூல் போதும்.”

முதல்வர் அவர் தோளில் கை வைத்தார்.

“உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நூலகத்துல ஒருத்தன் உக்காந்து படிக்கறான். அவன் தலைக்குள்ள என்ன ஏறுதுன்னு நமக்குத் தெரியுமா? காட்ட முடியுமா? வெற்றி மையத்துல எத்தன பேரு வந்தாங்க, எத்தன பேரு கை தட்டினாங்க, எல்லாத்தையும் காட்டலாம். பெரிய மனுஷங்க வர்றாங்க. வகுப்பறையில என்னய்யா காட்டறது? ஒரு பலகை, ஒரு சாக்பீஸ். நான் மனசு விட்டுச் சொல்றேன், இந்தக் கல்லூரிக்கு வந்து நானே வகுப்பறைக்குள்ள போனதில்ல. எனக்கே தோணாதப்ப அவங்களுக்குத் தோணுமா?”

மறுபடி சார் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது முன்னைப்போலவே வசதியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது.

*

தேர்வு நெருங்கியது. மையம் இவ்வளவு பாடுபட்டும் தேர்ச்சி உயருமா என்ற கவலை முதல்வருக்கு வந்துவிட்டது. ஆலோசகர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தபோது வழி கிடைத்திருந்தது.

“தோக்கறவன் யாரு? தேர்வு எழுதறவன். எழுதாதவன் தோத்ததா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?”

யாரும் கேள்விப்பட்டதில்லை.

“சிவப்பு அட்டை மாணவர்கள் இன்னும் மனசளவுல தயாராகல. அவங்களத் தேர்வுக்கு அனுப்பி, தோக்க வெச்சு, நொறுக்கறது பாவம். கொஞ்சம் தள்ளி வெப்போம். தோல்வியில இருந்து அவங்களக் காப்பாத்தறது நம்ம கடமை.”

சிவப்பு அட்டைக்காரர்களின் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைக்கும் உத்தரவு அன்றே தட்டச்சாகி வந்தது. இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். பெயர்கள் இல்லை, வெறும் பதிவெண்கள். ஆனால் பேக்கரிப் பெண்ணின் எண் அவருக்குத் தெரியும். பழைய வகுப்புத் தேர்வுகளில் அந்த எண்ணுள்ள விடைத்தாளை அவர் விரும்பித் திருத்தியிருக்கிறார். சுற்றி வளைத்தாவது சரியான விடைக்கு வந்துசேரும் தாள் அது.

“இந்தப் பொண்ணு பாஸ் பண்ணிடும் சார்” என்றார்.

“அப்ப அடுத்த தடவையும் பண்ணும்ல? என்ன அவசரம்?” என்றார் முதல்வர். “சீக்கிரம் போடுங்க. அஞ்சு கல்லூரிக்கு நடுவுல நம்ம மையத்தப் பத்திப் பேச உங்களக் கூப்பிட்டிருக்காங்க. கார் நிக்குது.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. கதவிலிருந்து பெயரை எடுத்திருப்பார்கள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது உயிரையே எடுப்பதுபோலத் தெரிந்தது. போட்டுவிட்டார். கார் நல்ல வேகமாகப் போனது.

தேர்வு நாளன்று அரங்க வாசலில் அவரையே நிறுத்தியிருந்தார்கள். பேக்கரிப் பெண் கையில் பேனாவோடும் கழுத்தில் அட்டையோடும் வந்தாள். அவளிடம் ஹால் டிக்கெட் இல்லை. வாசலில் இருந்த எழுத்தர், “உன் பேரு நிறுத்தி வெச்சிருக்கும்மா, ஓரமா நில்லு” என்றார். அவள் ஓரமாக நின்றாள். உள்ளே மணி அடித்தது, தாள் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நின்றாள்.

பிறகு மறுபடி சாரிடம் வந்தாள். அழவில்லை. அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தயாராக இருந்தார்.

“நீங்க எவ்ளோ சொல்லிப் பாத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும் சார்” என்றாள். “பரவால்ல. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க.”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவருக்கே தெரியவில்லை. அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்து, தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

“வார்டுல சீரியஸா இருக்கறவங்கள ராத்திரியோட ராத்திரியா வெளிய அனுப்பிட்டா, எங்க வார்டுல யாருமே சாகலன்னு நாங்களும் சொல்லிக்கலாம்” என்றாள். “நாங்க சொல்லிக்கறதில்ல.”

*

தேர்ச்சி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியது. பாராட்டு விழா என்றார்கள். மேடை, மாலை, மைக். முதல்வர் பேசினார்: “சிலர் கேக்கறாங்க, எல்லாரும் தேர்வு எழுதினாங்களான்னு. நான் கேக்கறேன், எல்லாரும் எழுதினப்ப என்ன கிழிச்சோம்?” கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பிறகு இயக்குநரைப் பேச அழைத்தார்கள்.

மறுபடி சார் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கை நடுங்கியது.

“தேர்ச்சி ஏறல. எழுதினவங்கதான் குறைஞ்சாங்க. ஒரு பொண்ணு ஒரே ஒரு வரி புரியலன்னு எங்கிட்ட வந்துச்சு. சொல்லித் தர எனக்கு நேரமில்ல. மாணவர் வெற்றியப் பத்தி மீட்டிங்ல இருந்தேன். அப்புறம் அந்தப் பொண்ணு தேர்வே எழுதக் கூடாதுன்னு நானே கையெழுத்துப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். இந்த மாலைக்கு நான் லாயக்கில்ல.”

இதோடு தொலைந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு லேசானது.

ஆலோசகர்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார். அவரைப் பார்த்து முதல்வர் எழுந்தார். முதல்வரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். கூரை இடிந்துவிடும்போல இருந்தது. ஆலோசகர் ஓடிவந்து மாலையை மறுபடியும் அவர் கழுத்தில் போட்டார்.

“பாருங்க! ஒரு தலைவர் தன் தப்ப மேடையில ஒத்துக்கறாரு. எத்தன நிறுவனத்துல இது நடக்கும்? இந்த வெளிப்படைத்தன்மைதான் வெற்றி மையத்தோட உண்மையான சாதனை!”

அடுத்த வாரமே ‘குற்ற உணர்ச்சியை ஆக்கபூர்வமாகப் பயன்படுத்துவது எப்படி’ என்று ஆசிரியர்களுக்கு ஒரு முகாம் அறிவிக்கப்பட்டது. சிறப்புப் பேச்சாளர் மறுபடி சார். போன தடவை பேசியதையே பேசினால் போதும் என்றும், நடுங்கியது நன்றாக இருந்தது, அதை விட்டுவிட வேண்டாம் என்றும் ஆலோசகர் கேட்டுக்கொண்டார்.

முகாம் நடந்த காலையில் மறுபடி சார் பேக்கரிக்குப் போனார்.

பின்கட்டில் வெக்கை முகத்தில் அறைந்தது. பேக்கரிப் பெண் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், “சார்! உக்காருங்க சார்” என்று ஒரு காலி டின்னைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“உன் ஹால் டிக்கெட்ட நிறுத்தினது நான்தாம்மா. நான் எதுவும் சொல்லிப் பாக்கல. அதாவது, ஒரு வார்த்த சொன்னேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு வீட்டுக்குப் போய் எங்க அப்பாகிட்ட சொன்னேன் சார், எங்க சார் எங்களுக்காக எவ்ளோ சண்ட போட்டிருப்பாரோன்னு. அப்பா கூட, அந்த மனுஷன் நல்லா இருக்கணும்னாரு.”

அவள் மறுபடி தட்டை எடுத்தாள், அடுக்கினாள், இன்னொன்றை எடுத்தாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

“மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா?”

“மத்தவங்களா?”

“நான் ஒருத்தி மட்டுமா சார்? ஓரமா எத்தன பேரு நின்னோம். நீங்க பாக்கலயா?”

அவர் பார்க்கவில்லை. இத்தனை நாளும் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டதெல்லாம் இந்த ஒருத்தியை நினைத்துத்தான். அந்தத் தாளில் இருந்த மற்ற எண்கள் அவருக்கு வெறும் எண்களாகவே இருந்துவிட்டன. தனக்கு மனசாட்சி இருக்கிறது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தார்.

*

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த விதியும் இல்லாமல் தன் கையெழுத்தால் மாணவர்களை நிறுத்திவைத்ததாக அவர் தேர்வு வாரியத்துக்கு நேரில் போய்ச் சொன்னார். வாரியத்தில் அவரைக் கொஞ்ச நேரம் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, எல்லாரும் அடுத்த மாதமே சிறப்புத் தேர்வு எழுதலாம் என்று உத்தரவு போட்டார்கள். முதல்வர் அவரை மையத்திலிருந்து விடுவித்தார். மேடையில் சொன்னது வெளிப்படைத்தன்மை, வாரியத்தில் சொன்னது துரோகம் என்று இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதல்வர் பொறுமையாக விளக்கினார். ஆசிரியர்களுக்கும் அட்டை கொடுப்பது என்று முடிவாகி, முதல் சிவப்பு அட்டை அவருக்கே கிடைத்தது. மையத்துக்கு வேறு இயக்குநர் வந்துவிட்டார்.

பேக்கரிப் பெண் அவரிடம் மூன்றாவது வரியைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை. அவரே ஒருநாள் பேச்செடுத்தார். “பக்கத்து க்ளாஸ் பொண்ணு சொல்லிக் குடுத்துடுச்சு சார்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் நிறுத்தப்பட்ட மற்றவர்கள் எங்கே இருப்பார்கள் என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். பலர் கல்லூரிப் பக்கமே வருவதில்லை. கல்லூரியிலிருந்து போன தகவலையும் நம்பவில்லை. நேரில்தான் போக வேண்டியிருந்தது.

ஒருவன் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, பார்க்கலாம் சார் என்று போனான். ஒருத்தி சிரித்தாள், நிற்காமல் சிரித்தாள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. சிலர் வந்தார்கள், அனுமதி கேட்காமல் அவர் மறுபடி தொடங்கிய மாலை வகுப்பில் உட்கார்ந்தார்கள். யாரும் அவரிடம் கையைத் தூக்கிக் கேட்கவில்லை, பழக வேண்டியிருந்தது.

கடைசியாக, பேக்கரிப் பெண் ‘நெட்டையன்’ என்று சொன்ன மாணவனின் வீடு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருபவன். மறுபடி சாருக்கு முகமே நினைவில்லை. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினார். அவனுடைய அம்மா திறந்தார். துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருப்பவர். வேலைக்குப் போகும் சீருடையில் இருந்தார்.

“நான் உங்க பையனோட காலேஜ்ல கணக்கு வாத்தியார்.”

அந்த அம்மா பதறிப்போய்விட்டார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார், மின்விசிறியைப் போட்டார், வேண்டாம் வேண்டாம் என்னும்போதே தேநீர் போட்டு வந்து கையில் கொடுத்தார். அறையின் மூலையில் நெட்டையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றபோது தலை கூரைக்குப் பக்கத்தில் போனது. எவ்வளவு உயரம், எப்படி நம் கண்ணில் படாமல் போனான் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

“பாருடா” என்றார் அம்மா அவனிடம். “வாத்தியாரே வீடு தேடி வந்திருக்காரு. அவருக்கு இருக்கற அக்கறை உனக்கு இருக்கா?” மறுபடி சார் பக்கம் திரும்பினார். “பரீட்சைக்குப் பணம் கட்டி, புதுச் சட்ட வாங்கிக் குடுத்து அனுப்பினேன் சார். போகாம எங்கயோ சுத்திட்டு சாயந்திரம் வந்து நிக்கறான். ஏன்டா எழுதலன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான். எங்க அண்ணன் வந்து ரெண்டு அடி கூட அடிச்சாரு. அப்பவும் ஒரு வார்த்த சொல்லல. அன்னையிலிருந்து நான் இவங்கூடப் பேசறதில்ல. இப்ப நீங்க வந்ததாலதான் பேசறேன்.”

நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் சொல்லவில்லை என்பது மறுபடி சாருக்குப் புரிந்தது. உன்னை உள்ளே விடமாட்டோம் என்று ஒரு கல்லூரியே சொல்லும்போது, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அவன் நம்பியிருக்கிறான்.

“அம்மா” என்றார். இங்கே மைக் இல்லை. கை தட்ட யாரும் இல்லை. “அவன் பரீட்சைக்கு வந்தான். புதுச் சட்ட போட்டுட்டு வந்து வாசல்ல நின்னான். நான்தான் உள்ள விடல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் போட்ட ஒரு கையெழுத்து.”

“விடலயா?” என்றார் அம்மா. “ஏன்?”

ஏன் என்பதற்கு அவரிடம் பதில் நிறைய இருந்தது. முகாம், அட்டை, மனசளவில் தயாராவது. ஒன்றையும் வாயால் சொல்ல முடியவில்லை.

“கார் நின்னுட்டு இருந்துச்சு” என்றார்.

அந்த அம்மா அது என்ன பதில் என்று கேட்கவில்லை. திட்டவும் இல்லை. அவர் அங்கே இல்லாததுபோல மகன் பக்கம் திரும்பினார்.

“சாப்பிட்டியாடா?” என்றார்.

இல்லை என்று அவன் தலையசைத்தான். அம்மா உள்ளே போனார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. மறுபடி சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கையில் தேநீர் சூடாக இருந்தது. குடிக்க முடியவில்லை, அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.